பால் இல்லாத பாயசம்



திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு இன்று. யோர்தான் கரைக்குத் திரண்டு வந்த மக்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று திருமுழுக்கு யோவானைக் கேட்டார்கள் என்கிறார் லூக்கா. பாலைநிலத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு வாழ்ந்தவர் அவர். கடுமையான நோன்பு ஒன்றைச் சொல்லப்போகிறார் என்றே கூட்டம் காத்திருந்திருக்கும். அவரோ உடையைப் பற்றியும் உணவைப் பற்றியும் பேசினார். இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவு உள்ளவரும் அப்படியே செய்யட்டும் என்றார். குளிருக்கும் பசிக்கும் வழி சொன்ன பிறகுதான், தமக்குப் பின் வரப்போகிறவரைப் பற்றி வாய் திறந்தார்.

ஆகவே நானும் இன்று உணவைப் பற்றியே பேசுகிறேன். கிறிஸ்து பிறப்பு இரவில் பூசை முடிந்து கோவில் வாசலில் நாம் கொடுக்கும் பாயசத்தைப் பற்றித்தான்.

நம் காவிரிக் கரையில் மார்கழிக் குளிர் மலைநாட்டுக் குளிர்போல் இருக்காது. என்றாலும் பனி விழுந்த வரப்பில் விடியலில் நடந்து, சம்பா வயலில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கு அது எலும்பு வரை இறங்கும். வாடைக்காற்று அடிக்கும் அந்த நள்ளிரவில் பெரியவர்கள் சால்வை போர்த்தி வருகிறீர்கள், கைக்குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்து வருகிறீர்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது சூடான ஒரு தம்ளர் கையில் கிடைத்தால் எவ்வளவு ஆறுதல் என்பது எனக்கும் தெரியும்.

நம் பங்கில் ஒரு பிள்ளைக்குப் பால் ஆகாது. மற்ற பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குடில் பக்கமாக ஒதுங்கி நிற்கும். "கொஞ்சூண்டு குடிக்கட்டும்மா, ஒன்றும் செய்யாது" என்று பாசத்தோடு சொல்கிறோம். பாசம் உண்மைதான். ஆனால் பாலில் உள்ள புரதத்தை அந்த உடல் எதிரியாக எண்ணிப் போராடுகிறது. தடிப்பு வரலாம், வாந்தி வரலாம், மூச்சுத் திணறல்கூட வரலாம். நெய்யிலும் அந்தப் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும் என்பதால், நெய்தானே என்றும் விட முடியாது. வயதானவர்களில் பலருக்கு இருப்பது வேறு தொல்லை: பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைந்து, குடித்தால் வயிறு உப்பிவிடும். அவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வேண்டாம் சாமி என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் ஏதாவது செய்து கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். நல்ல மனம். ஆனால் தனிக் கிண்ணம் கையில் வாங்குகிற பிள்ளை, தான் தனி என்பதையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. அண்டாவையே மாற்றுவோம். இந்த ஆண்டு எல்லாருக்கும் தேங்காய்ப்பால் பாயசம்.

வேளாங்கண்ணி மரபை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டு போன சிறுவன் குளத்தங்கரையில் இளைப்பாறியபோது, அன்னை தோன்றித் தம் குழந்தைக்குப் பால் கேட்டார். அது எஜமானனுக்கு அளந்து கொண்டு போகிற பால். குறைந்தால் ஏச்சு விழும். ஆனாலும் கொடுத்தான். அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது பால், அதனால் பாலைக் கொடுத்தான். நம் வாசலில் நிற்கும் குழந்தைக்குத் தேவைப்படுவது பால் சேராத ஒரு தம்ளர். அன்னை இன்று கேட்டால் எதைக் கேட்பார் என்று நினைக்கிறீர்கள்?

கொரிந்தியருக்கு எழுதும்போது புனித பவுல், தாம் உண்ணும் இறைச்சி ஒரு சகோதரனுக்குத் தடையாகுமானால் அதை ஒருபோதும் உண்ணமாட்டேன் என்கிறார். அவர் பேசியது மனச்சான்றுக்கு வரும் தடையைப் பற்றி. உடலுக்கு வரும் தடைக்கும் அது பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். திருப்பீடத்தில்கூட வழி தேடியிருக்கிறார்கள். கோதுமையின் பசைப்புரதம் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்காக, அந்தப் புரதம் மிகக் குறைவாக உள்ள அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்று 2003இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது. கோதுமை அப்பம் என்பதை விட்டுக்கொடுக்க முடியாது. புரதம் அறவே இல்லாத அப்பம் செல்லாது. குறைந்த புரதமுள்ள அப்பமும் ஆகாதவர்கள் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். ஆண்டவரின் பந்தியில் யாரும் பசியோடு திரும்பக் கூடாது என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்த திருச்சபையின் பிள்ளைகள் நாம். நம் பாயசத்துக்கு அந்தக் கட்டுப்பாடுகூட இல்லை.

புதுமை என்றும் எண்ண வேண்டாம். இதே மார்கழியில் நம் பக்கத்து வீடுகளில் வறுத்த அரிசியிலும் வெல்லத்திலும் திருவாதிரைக் களி கிண்டுகிறார்கள். அதில் பால் ஊற்றுவதில்லை. நாகூர்ப் பக்கம் நோன்புக் கஞ்சியில் தேங்காய்ப்பால் விடுவது வழக்கம். அரிசியும் தேங்காயும் இந்த மண்ணின் கொடை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்து வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. பாரம்பரிய நெல் 170 வகைக்கும் மேல் தேடி மீட்ட நெல் ஜெயராமன் அடுத்த மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 6 அன்று, மறைந்தார். அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவை எப்படிக் கொண்டாடினோம் என்று உங்களுக்குத் தெரியும். காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும் என்று தெரிந்தே மறுபடி கன்று ஊன்றினீர்கள். அண்டாவுக்கு வேண்டிய தேங்காயை அந்த மரங்களிலிருந்து கொண்டுவருவதாகச் சில குடும்பங்கள் சொல்லியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், நம் அன்பியத்துத் தாய்மார் திருத்தினால் கேட்டுக்கொள்வேன். ஒரு கிலோ பச்சரிசிக்குப் பத்துத் தேங்காய், இரண்டு கிலோ வெல்லம். அரிசியை இலேசாக வறுத்து ஒன்றிரண்டாக உடைத்து, தேங்காயின் மூன்றாம் பாலிலேயே குழைய வேகவிட வேண்டும். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, அரிசி முழுக்க வெந்த பிறகே ஊற்ற வேண்டும். வெல்லம் விழுந்த பின் அரிசி வேகாது. மனிதரிடமும் அப்படித்தான், இனிப்பான ஆறுதல் முந்திக்கொண்டால் செய்ய வேண்டியது வேகாமலே நின்றுவிடும். பிறகு இரண்டாம் பால், சுக்கு, ஏலக்காய். அடுப்பை அணைத்துவிட்டு முதல் பாலை ஊற்றுங்கள்; கொதித்தால் திரிந்துவிடும். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் தேங்காய்க் கீற்றைச் சிவக்க வறுத்துப் போட்டால் வாசம் தெரு வரைக்கும் வரும். முந்திரியும் சிலருக்கு ஆகாது, வேண்டாம்.

24ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு இளைஞர்கள் தேங்காய் துருவ வாருங்கள். வீட்டிலிருந்து கரண்டி, பாத்திரம் கொண்டுவருபவர்கள் பால் பட்டதா என்று பார்த்து, நன்றாகக் கழுவிக் கொண்டுவாருங்கள். ருசி கூடட்டும் என்று யாரும் பால்பவுடரோ நெய்யோ சேர்த்துவிடாதீர்கள். என்னென்ன சேர்த்தோம் என்று எழுதி அண்டாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா முதலில் வந்து பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அதன் பிறகு பரிமாறத் தொடங்குவோம்.