கையும் இழையும்

கையால் செய்தது உயர்ந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு விசாரணைக்கு அப்பாற்பட்டதாக இருக்கிறது. ஆனந்த குமாரசாமி 1908-ல் மத்தியகால சிங்களக் கலை பற்றிய நூலை வெளியிட்டதிலிருந்து இதற்கு ஒரு தத்துவ கௌரவமும் சேர்ந்துவிட்டது. கைத்தறி நிஜம், பாலியெஸ்டர் போலி. திருத்தங்கலில் இருந்துகொண்டு இதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு முடியவில்லை.

பட்டைச் சோதிக்க ஓர் இழையை உருவிக் கொளுத்துவார்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். காகிதம்போல் எரிந்தால் ரேயான். விசைத்தறியில் ஓடிய பட்டும் அதே நாற்றத்தோடுதான் எரியும். நெய்த கையைப் பற்றி நெருப்புக்கு ஒன்றும் தெரியாது. 1985-ம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமோ விசைத்தறி அல்லாத எந்தத் தறியையும் கைத்தறி என்கிறது. அந்த வரையறை இழையைக் கேட்பதில்லை. ஆக, இழையின் உண்மை வேறு, கையின் உண்மை வேறு. நம் ரசனை இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு நிம்மதியடைகிறது.

கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1923-ல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலில், கட்டை அடுக்கியவை நெடுங்காலம் பெண்களின் விரல்கள்தான். அந்த விரல்களின் வேகம் அருப்புக்கோட்டையில் நாடா ஓட்டியவரின் வேகத்துக்குக் குறைந்ததல்ல. வங்கிக் கடன் மனுவில் தொழில் என்ற கட்டத்தில் நெசவாளி ‘நெசவு’ என்று எழுதுவார். அந்தப் பெண் ‘கூலி’ என்றுதான் எழுதுவார். அவர் வேலை பெருமளவு இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஒரு கலை அழிந்ததாக யாரும் புலம்பவில்லை. கைதான் மதிப்பின் ஊற்று என்றால் இந்தப் பேதம் எப்படி வந்தது? சேலை வாங்கியவனின் அலமாரியில் இருக்கிறது. குச்சி உரசியதும் போய்விடுகிறது. நாம் போற்றியது கையை அல்ல, நம் உடைமையை.

1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியையும் துணி நெசவையும் ஒரே பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தாரோடு நடத்தும் பட்டறைக்கு விலக்குத் தந்தது. வீட்டுத் தறியில் உட்கார்ந்த சிறுவன் அந்த விலக்குக்குள் மறைந்தான். அதைத்தான் பரம்பரை என்று நாம் வியந்தோம்.

இழைக்கு ஒரு மதிப்பு உண்டென்பதையும் இந்த ஊரே காட்டுகிறது. பட்டாசு ஆலைக்குள் செயற்கை இழை உடை கூடாது, பருத்திதான் உடுத்தவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. செயற்கை இழையில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி எழலாம்; தீப்பற்றினால் அது உருகித் தோலில் ஒட்டும். இங்கே பருத்தி ரசனை அல்ல, உயிர். அது மில் துணியாக இருந்தாலும் போதும்.

மதிப்பை வேறெங்கோ தேடவேண்டும் என்று தோன்றுகிறது: தறியை விட்டு எழ விரும்பினால் எழ முடியுமா என்ற கேள்வியில். எழ முடிந்தும் உட்கார்ந்திருப்பவரின் வேலைக்குக் கலை என்ற சொல் பொருந்தும். எழ முடியாதவர் நெய்ததும் அழகாக இருக்கலாம். அந்த அழகை நான் மறுக்கவில்லை. அந்த அழகையே அவருக்கான கூலியாகக் காட்டுவதைத்தான் மறுக்கிறேன்.