முத்திரை இல்லாத படி

பொய் சொல்லுகிறவனை ஊர் எளிதில் கண்டுபிடித்துவிடும். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லுகிறவனைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அவன் சொல்வது பாதி நாள் சரியாகவே இருக்கும். அந்த நாட்களை நினைவில் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களை நாமே மன்னித்துவிடுகிறோம். அவன் செய்வது பொய்யா, இல்லையா? கொஞ்ச காலமாக இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் வேதாந்தம் அல்ல. செல்போன் வரைபடத்தில் தெருக்களின்மேல் ஓடுகிற பச்சைக் கோடும் சிவப்புக் கோடும்தான்.

அந்தக் கோடு வருகிற விதம் பலருக்கும் தெரிந்ததே. சாலையில் போகிறவர்களின் சட்டைப்பையில் இருக்கும் போன்களும், வண்டிகளில் பொருத்திய கருவிகளும் தாம் நகரும் வேகத்தைக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே போகின்றன. கம்பெனி கூட்டிக் கழித்து வர்ணம் பூசுகிறது. கூகுள் இதை நமக்குச் சும்மா காட்டுகிறது. டாம்டாம், இன்ரிக்ஸ் முதலியவை சர்க்கார்களுக்கும் வியாபாரிகளுக்கும் விலைக்கு விற்கின்றன.

2020-ல் பெர்லின் நகரத்தில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சிறு கைவண்டியில் போட்டு, காலியான தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்துவிட்டது. உலகம் சிரித்தது. எனக்கு அதில் பெரிய அச்சம் இல்லை. குறும்புக்காரனை என்றாவது பிடித்துவிடலாம். ஒருவரும் குறும்பு செய்யாத இடத்தில் நடப்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

காரைக்காலுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் திருவேட்டக்குடியில் பகல் இரண்டு மணிக்குத் தெருவில் ஓர் ஆடும் ஒரு சைக்கிளும்தான் தென்படும். போன் எதுவும் நகராத அந்த வேளையில் கம்பெனிக்கு இந்தத் தெருவைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் காரைக்காலுக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டால் தயங்காமல் ஓர் எண் வருகிறது. பழைய சராசரிதான் இன்றைய செய்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. மாசி மகத்தன்று சுவாமி வேடன் கோலத்தில் கடற்கரைக்கு எழுந்தருளுவார். இங்கே வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “கூட்டம் அடைச்சுக்கிட்ட பிறகுதாங்க அதுக்குத் தெரியும். எனக்கு மொத நாளே தெரியும்.”

பட்டணத்திலாவது போன்கள் நிறைய இருக்கின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே வேறு சங்கடம். சென்னை அண்ணா சாலையில் இரண்டு வண்டிகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று பச்சை விளக்கில் தப்பிப் போய்விடுகிறது. மற்றது சிவப்பில் மாட்டி நிற்கிறது. இரண்டின் சராசரி, இருவரில் ஒருவருடைய அநுபவமும் அல்ல. பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு வேண்டியது சராசரி அல்லவே; எவ்வளவு மோசமாகப் போகக்கூடும் என்பதல்லவா அவனுக்கு வேண்டும்?

இன்ரிக்ஸ் விற்கும் கணக்கில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேகத்துக்கும் பக்கத்தில் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 30 என்றால் இப்போது ஓடும் வண்டிகளிடமிருந்து வந்தது. 20 என்றால் பழைய சராசரி கலந்தது. 10 என்றால் அந்தச் சாலைக்கென்று வைத்திருக்கும் பொது வேகம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் மனச்சாட்சி இருக்கும் இடம் இந்தச் சிறு கட்டம்தான் என்பேன். ஆனால் பச்சைக் கோட்டைப் பார்த்து வண்டியைத் திருப்புகிறவன் கண்ணில் அப்படி ஒரு கட்டமே படுவதில்லை.

டாம்டாம் கணக்குப்படி பெங்களூரில் பத்துக் கிலோமீட்டர் போக 2023-ல் 28 நிமிஷம் 10 விநாடி ஆயிற்று. அடுத்த ஆண்டின் அறிக்கையில் அதுவே 34 நிமிஷம் 10 விநாடி. ஓர் ஆண்டில் ஆறு நிமிஷம்! ஊர் கெட்டதா, அளக்கிற விதம் மாறியதா? பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டது ஊரின் வரிசை எண்ணைத்தான்.

நம் நாட்டில் மளிகைக்கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும். ஆட்டோ மீட்டருக்கும் வேண்டும். 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. இங்கிருந்து சற்று வடக்கே இருக்கும் புகாரின் வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்வதும், வாங்கும்போது மிகையாக வாங்காமல், கொடுக்கும்போது குறையாமல் கொடுத்தார்கள் என்பதற்குத்தான். ஆட்டோ ஓடிய தூரத்தை அளக்கும் பெட்டிக்கு முத்திரை இருக்கிறது. அதே ஆட்டோவுக்கு வழி காட்டும் கணக்குக்கு ஒரு முத்திரையும் இல்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இது தானம் என்று யார் சொன்னது? நாம் நகர்ந்ததைத்தான் அவர்கள் சேர்த்து விற்கிறார்கள். வாங்குகிறவர் சர்க்காராக இருந்தால் பணமும் நம்முடையதே. மாடும் நம்முடையது, புல்லும் நம்முடையது. பல்லை மட்டும் பார்க்கக் கூடாதாம்.

பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை மாகாணங்கள் சேர்ந்து 2008-ல் இன்ரிக்ஸிடம் வேகக் கணக்கு வாங்க ஒப்பந்தம் செய்தபோது, விற்பவர் வார்த்தையோடு நிற்கவில்லை. சராசரிப் பிழை மணிக்கு 10 மைலைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தார் சாலையின் இரு கோடிகளிலும் புளூடூத் பெட்டிகளை வைத்து, ஒரே வண்டி இரண்டையும் கடந்த நேரத்தைக் கழித்துத் தாங்களே அளந்தார்கள். பெருஞ்சாலைகளில் கணக்கு நன்றாகவே நின்றது. விளக்குகள் நெருங்கிய நகரச் சாலைகளில்தான் சந்தேகம் வந்தது. அதையும் வெளியில் சொன்னார்கள்.

திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் நாலு பேர், இரண்டு பெட்டிகளோடு காரைக்கால் சாலையின் இரு முனையிலும் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். மாசி மகம் வருகிற வாரமாக இருந்தால் இன்னும் நல்லது.