மௌனம் சான்றாகுமா?

ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய பதிவு இல்லாமையும், அந்நிகழ்ச்சியே நிகழாமையும் ஒன்றல்ல. தருக்கத்தின் தொடக்கப் பாடமான இவ்வேறுபாட்டை வாழ்க்கையில் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவான பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. அது எழுப்பிய ஆழிப்பேரலையால் இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கடற்பகுதியில் அத்துணைப் பெரிய அதிர்ச்சி எதனையும் ஏடுகள் குறித்திருக்கவில்லை. ஏட்டின் மௌனத்தையே நாம் கடலின் வாக்குறுதியாகக் கொண்டிருந்தோம்.

ஏடுகள் பேசாதவிடத்து மண்ணிடம் சான்று கேட்பதே பழம் பூமியதிர்ச்சிகளை ஆராய்வோரின் பணியாகும். பேரலை கடல் மணலை அள்ளிவந்து களப்புச் சேற்றின்மீது பரப்புகிறது. காலப்போக்கில் அதனைப் புதுச்சேறு மூடுகிறது. மணற்படைக்கு மேலும் கீழும் கிடைக்கும் கரி, சிப்பி முதலியவற்றின் வயதைக் கதிரியக்கக் காபன் முறையாற் கணித்து, அலை வந்த காலத்தை அறிகின்றனர். புயலும் மணலைக் கொணருமாதலால், தொலைவிலுள்ள பல கரைகளின் சான்றுகளை ஒப்பிட்ட பின்னரே அதிர்ச்சியை உறுதிசெய்வர். அம்பாந்தோட்டையின் கரகன் களப்பிலும் இத்தகைய பழைய மணற்படைகள் காணப்பட்டுள்ளன.

ஆச்சேக் கரையிலுள்ள ஒரு குகையில், வௌவால் எச்சப் படைகளுக்கிடையே பேரலை மணல் அடுக்கடுக்காய்க் கிடக்கிறது. 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கு 11 பேரலைகள் புகுந்தன என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒரு நூற்றாண்டுக்குள் பல அலைகள் வந்ததுமுண்டு; ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றும் வாராதிருந்ததுமுண்டு.

ஈராயிரம் ஆண்டு என்பது எத்துணை நெடிது! கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமினி அபயன் தம்புள்ளைக் குகைகளைத் துறவியர்க்கு அளித்தான் என்பர். அன்றுதொட்டு இன்றுவரை கழிந்த காலம் ஏறத்தாழ அவ்வளவே. நாமும் நம் பேரரும் காணாது போகக்கூடிய ஓர் ஆபத்துக்காக, இன்றைய பசியைப் புறக்கணித்துப் பொருள் செலவிடல் தகுமா என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் நாம் விட்டுச்செல்ல வேண்டியது மதில் மாத்திரமன்று, நினைவுமாகும். சிமெலுவே தீவில் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் கதையை மூத்தோர் 'ஸ்மொங்' என்னும் சொல்லோடு வழிவழியாகச் சொல்லிவந்தனர். 2004இல் நிலம் நடுங்கியதும் மக்கள் குன்றேறினர். ஏறத்தாழ எல்லோரும் பிழைத்தனர். அக்கதைக்கு ஆன செலவு யாது?

ஆனால் வாய்மொழி நூறாண்டு தாங்கலாம்; ஈராயிரம் ஆண்டு தாங்குவது அரிது. அந்த இடைவெளியை நிரப்புவதே அறிவியலின் அறம். கடல் காணாத தம்புள்ளை மாணவனுக்கும் அதில் பங்குண்டு. அலை எட்டாத இடத்திலிருப்பவன் கற்றதைக் கரையிலிருப்பவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். அறிந்தபின்னும் வாளாவிருப்போமாயின், அடுத்த அலையின் பழியை இயற்கையின்மேல் மாத்திரம் சுமத்துதல் இயலாது.