நாயும் சான்றும்

ஊனமுற்றோர் உரிமைக்காக அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நாட்டுக் கடைக்காரரை ஒரு சங்கடத்தில் நிறுத்தியிருக்கிறது. நாயோடு ஒருவர் வருகிறார். வளர்ப்பு நாயைத் தடுக்கலாம். சேவை நாயைத் தடுக்கக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் விளங்காதபோது இரண்டே கேள்விகள் கேட்கலாம்: ஊனத்தின் பொருட்டு இந்த நாய் தேவையா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? சான்றிதழ் கேட்கக் கூடாது. என்ன ஊனம் என்று விசாரிக்கக் கூடாது. வேலையைச் செய்துகாட்டச் சொல்லக் கூடாது. நாய்க்கு அடையாள மேலங்கிகூடக் கட்டாயமில்லை. கையெழுத்தை ஒப்புநோக்கிப் பிழைக்கும் வங்கி குமாஸ்தாவுக்கு இது வியப்பான ஏற்பாடுதான்.

வேறுபாடு நாயின் இனத்தில் இல்லை. அருகில் இருப்பதாலேயே ஆறுதல் தரும் நாய் இச்சட்டப்படி சேவை நாய் ஆகாது. பீதி மேலிடப்போவதை உணர்ந்து, அதைத் தணிக்கப் பழகிய ஒரு காரியத்தைச் செய்கிற நாய் ஆகும். இருப்பு வேறு, செயல் வேறு. ஆனால் செயல் கடைவாசலில் தெரிவதில்லை. எஞ்சுவது வந்தவரின் சொல் ஒன்றே.

அந்தச் சொல்லைத்தான் பொய்யர்கள் செலவழிக்கிறார்கள். விலைக்குக் கிடைக்கும் மேலங்கியை வாங்கி வளர்ப்பு நாய்க்கு மாட்டிவிடுகிறார்கள். ஃப்ளோரிடா மாநிலம் 2015இல் இத்தகைய பொய்யைக் குற்றமாக்கியது. விமான நிறுவனங்களோ, தனி விதியின்கீழ், 2021 முதல் சேவை நாய்க்குப் படிவம் கேட்கலாம். பொய் சொன்னவர் யாரோ. படிவம் நிரப்புகிறவர் பார்வையற்றவர். கள்ளநோட்டின் கதையும் இதுவே. ஒன்று புழங்கிவிட்டால், மறுநாள் நல்ல நோட்டோடு வருபவரின் நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம்.

எல்லோரிடமும் சான்று கேட்டால் தீராதா என்று கேட்கலாம். மேலங்கியைப் போலவே சான்றையும் போலியாக அச்சிடலாம் என்பது சிறிய பதில். மற்றவர்கள் எதையும் நிரூபிக்காமல் நுழையும் வாசலில், ஒருவர் மட்டும் தினமும் தன் உடலை நிரூபிக்க வேண்டியிருப்பது அநீதி என்பதே பெரிய பதில். சில பொய்யர்கள் உள்ளே வந்துவிடுவது, அந்த அநீதியைத் தவிர்க்க ஒரு சமூகம் கொடுக்கும் விலை. எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை.

கடைக்காரரும் நிராதரவாக இல்லை. நாய் அடங்காமல் திரிந்து, உடையவர் அடக்காவிட்டால், அல்லது நாய் அசுத்தம் செய்தால், அதை வெளியேற்றச் சொல்லலாம். சேவை நாயானாலும் இதே விதிதான். நடத்தை கண்ணுக்குத் தெரிவது; அதை எடைபோட யாருடைய உடலையும் துருவ வேண்டியதில்லை. அப்போதும் வெளியேற வேண்டியது நாய் மட்டுமே. நாயில்லாமல் அவர் வந்தால், கடை அவருக்குத் திறந்திருக்க வேண்டும்.