வளவில்லாதவனும் வீட்டுத் தோட்டமும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கை அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. அரசாங்க ஊழியர்க்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. அந்நாளில் அவர்கள் தத்தம் வளவுகளில் உணவுப் பயிர் செய்தல் வேண்டும் என்பது அம்முடிவு. எரிபொருள் தட்டுப்பாடும் அதற்கொரு காரணம். அயல்நாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்து அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது.

கத்தரியும் மிளகாயும் நடுங்கள் என்ற அறிவுரையில் தவறில்லை. ஆனால் பசித்தவனை நோக்கி, "நீயே விளைத்து உண்" என்று சொல்லும் உரிமை ஒரு சமுதாயத்துக்கு எப்போது உண்டாகின்றது? இவ்வினாவை அன்று கேட்டவர் சிலரே. நெருக்கடியின் கடுமை தணிந்துவிட்டது என்பதற்காக அதனைக் கேளாது விட்டுவிடுதல் நேர்மையாகாது.

நிலாவெளியை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகருக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்க்களப்புமாகக் கிடக்கும் மணற்பாங்கான ஊர் இது. மணல் நீரைத் தாங்காது. ஊற்றிய வாளி நீர் கண்முன்னே மறைந்துவிடும். பூவரசங் குழையும் வேப்பங் குழையும் தாட்டு, மாட்டெருவிட்டு, ஆண்டாண்டாக மண்ணை உருவாக்கினாலன்றி இங்கே கீரையும் தழைக்காது. மாரி மழையில் எதுவும் முளைக்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கினாலோ காலையும் மாலையும் நீர் இறைக்க வேண்டும். முருங்கை, பப்பாசி, மாதுளை, தேசி, மரவள்ளி ஆகியன இம்மண்ணோடு ஒருவாறு உடன்பட்டு வாழ்வன. குசினித் தண்ணீர் ஓடும் ஓரத்தில் கறிவேப்பிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் செழிக்கும். பிள்ளைகளின் சளிக்குக் கற்பூரவள்ளியும் அங்கேயே நிற்கும். இவற்றையெல்லாம் பேணுபவர் யார்? பெரும்பாலும் பெண்கள். சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் அவர்கள் இறைக்கும் நீருக்குக் கூலி கிடையாது. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையோ சம்பளம் பெறுபவர்க்கு மட்டுமே வழங்கப்பட்டது.

நீரைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லவேண்டும். கரையோர மணலின் அடியில் மழைநீர் உவர்நீரின் மீது ஒரு மென்படையாக மிதந்து கிடக்கின்றது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடி மேலெழக்கூடும் என்பது நிலத்தடி நீரியலார் வகுத்த கணக்கு. துலாவும் வாளியும் இருந்த காலத்தில் மனிதனின் தோள்வலியே அந்நீருக்குக் காவலாக நின்றது. மின்விசை இயந்திரம் அக்காவலை நீக்கிவிட்டது. ஒருவன் தன் வெங்காயப் பாத்திக்கோ உல்லாச விடுதியொன்று தன் புற்றரைக்கோ அளவின்றி இறைத்தால், வேலிக்கு அப்பாலுள்ள ஏழையின் கிணறும் உவர்த்துவிடும். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் வந்து இக்கரையோரக் கிணறுகளை உப்பாக்கியபோது, அவசரப்பட்டு மேன்மேலும் இறைத்த இடங்களில் உப்பு குறையாமல் கூடிய நிலையும் உண்டு. பருவமழைகளே பெரும்பாலும் அவற்றை மெல்ல மெல்லத் தேற்றின. ஆகவே 'என் வளவு, என் கிணறு, என் விளைச்சல்' என்று பேசுவோர் நிலத்தின் மேற்பரப்பை மட்டுமே கண்டவர்கள். வேலி மண்ணில் இரண்டடி ஆழம்தான் போகின்றது.

வளவே இல்லாதவர் நிலை என்ன? போரினால் பலமுறை இடம்பெயர்ந்து, இன்று பிறர் காணியில் குடியிருப்போர் இம்மாவட்டத்தில் உளர். மலையகத்தைப் பார்த்தால் இன்னும் கொடிய நகைமுரண் ஒன்றைக் காண்போம். அங்கே 'தோட்டம்' என்ற சொல் தேயிலைப் பெருநிலத்தைக் குறிக்கும். 'தோட்டத் தொழிலாளர்' என்று தலைமுறை தலைமுறையாக அழைக்கப்பட்ட மக்களுள் மிகப் பலருக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலம் கிடையாது. லயத்துக் காம்பிராவின் முன்னே சிறு துண்டில் போஞ்சியும் கோவாவும் வைத்திருப்போரும் தோட்ட நிர்வாகத்தின் இசைவினாலேயே வைத்திருக்கின்றனர். அண்மைக் காலத்தில் வீட்டுத் திட்டங்களின் வழியாக ஏழு பேர்ச்சஸ் நிலம் பெற்றோர் சிலர். பெறாதோரே மிகப் பலர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகள் அவை. அக்கைகளிடம் விதைப் பொட்டலத்தைக் கொடுத்து, தற்சார்பு எனும் அறத்தைப் போதிப்பது எவ்வகை நீதி?

சோவியத் ஒன்றியம் 1991இல் சிதைந்தபின் கியூபாவும் உணவின்றித் திண்டாடியது. அங்கே அரசு அறிவுரையோடு நிற்கவில்லை. ஹவானா முதலிய நகரங்களில் வெறுமையாய்க் கிடந்த நிலங்களை மக்கள் பயிரிட்டு அனுபவிக்கும் உரிமையோடு கொடுத்தது. அந்நாடு தன் உணவில் பெரும்பகுதியை இன்றும் இறக்குமதி செய்கின்றது என்பதையும் மறைக்கலாகாது; கீரைப் பாத்தி அரிசிக் கப்பலுக்கு ஈடாகிவிடுவதில்லை. ஆயினும் கேட்பதற்கு முன் கொடுத்தல் என்னும் முறைமையை அது கடைப்பிடித்தது. நம் நாட்டிலோ 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவால் தடுக்கப்பட்டது. வீட்டு முற்றத்தில் சாணமும் சருகும் கொண்டு இயல்வதை வயல்வெளி முழுவதிலும் ஒரே போகத்தில் செய்யுமாறு உழவனைப் பணித்தார்கள். நவம்பரில் தடையை நீக்கியபோது பயிருக்குப் பெருஞ்சேதம் நேர்ந்துவிட்டிருந்தது.

இவ்வளவும் கூறுவதால் வீட்டுத் தோட்டத்தை நாம் இகழ்வதாக எவரும் எண்ணவேண்டா. நம் மொழியில் 'வேளாண்மை' என்ற சொல் பயிர்த்தொழிலையும் குறிக்கும். பிறர்க்கு உதவுதலையும் குறிக்கும். வள்ளுவர் அதனை விருந்தோம்பலோடு சேர்த்தே ஆள்கின்றார். கிழக்கிலே நாம் வயலில் நிற்கும் நெற்பயிரையே வேளாண்மை என்கின்றோம். முருங்கை காய்த்தால் ஒரு வீட்டுக்கு மிஞ்சும். மிஞ்சியது வேலிப் பொட்டால் அயலுக்குப் போகும். விலை பேசுதல் அங்கே வெட்கக்கேடு. சந்தை நுழையாத இச்சிறு வெளி மதிப்புக்குரியது. ஆனால் அதிலும் ஒரு நோவு உண்டு. கொடுக்கின்ற வீடு எப்போதும் கொடுக்கும் வீடாகவும், வாங்குகின்ற வீடு எப்போதும் வாங்கும் வீடாகவும் நிலைத்துவிடின் அது அயலவர் அன்பாக இராது, நாகரிகமான பிச்சையாகிவிடும். திருப்பிக் கொடுக்க ஒரு பிடி கீரையேனும் விளையும் மண் வாங்குகின்றவனுக்கும் வேண்டும்.

ஊரில் எவர்க்குக் காணி உறுதி உண்டு, எவர்க்கு இல்லை என்பதை அறியக் கச்சேரிக்குப் போகவேண்டியதில்லை. வளவில் நிற்பவற்றைப் பார்த்தாலே போதும். உறுதியுடையவர் முற்றத்தில் மாவும் பலாவும் தென்னையும் நிற்கும். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்காக நடுகின்றனர். பிறர் காணியில் இருப்பவர் பழைய வாளியிலும் உரைப்பையிலும் மிளகாய்க் கன்று வைத்திருப்பர். அது மூன்று மாதத்தில் காய்க்கும். எழும்பு என்றால் தூக்கிக்கொண்டும் போகலாம்.