பதமும் ஒப்பும்

உயிர் வீடுபேற்றை நோக்கித் திரும்பும் நிலையைச் சைவ சித்தாந்தம் மூன்று சொற்களால் விளக்குகிறது. நல்வினை தீவினை இரண்டின்பாலும் உயிர் ஒரே தன்மையில் நிற்பது இருவினையொப்பு. உயிரின் அறிவைத் தொன்றுதொட்டு மறைத்து நிற்கும் ஆணவ மலம் தன் வலிமை மடங்கும் பக்குவத்தை எய்துவது மலபரிபாகம். அப்பக்குவத்துக்கேற்பத் திருவருள் உயிரில் பதிவது சத்திநிபாதம். இவற்றுள் பக்குவம் என்பது முயற்சியால் விளைவதா, காலத்தால் கனிவதா, அருளால் வருவதா என்பதும், ஒப்பு என்பது எதனோடு எது ஒத்திருத்தல் என்பதும் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் வினாக்கள். ஒட்டும் களிமண் நிலத்தை டிராக்டர் கொண்டு மட்டப்படுத்தும் வேலை இவ்விரு வினாக்களையும் கண்ணுக்குத் தெரியும் வடிவில் காட்டுகிறது.

களிமண் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய துகள்கள் மிகுந்த மண். கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசலில் இத்துகள்கள் நீரைத் தம் அடுக்குகளுக்கிடையே ஏற்று உப்புவதும் நீர் நீங்கியதும் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. இந்நிலத்தில் மட்டம் அடிக்க டிராக்டரின் பின்னால் பூட்டப்படும் கருவிகளுள் ஒன்று பாக்ஸ் பிளேடு. முன்புறம் மண்ணைக் கீறும் பற்களும், இருபக்கமும் மண் சிந்தாமல் தடுக்கும் தகடுகளும், பின்னால் மண்ணைச் சீவி இழுத்துச் செல்லும் அலகும் கொண்ட இப்பெட்டி, மேட்டில் வெட்டிய மண்ணை வயிற்றில் சுமந்து சென்று பள்ளத்தில் விடுகிறது. டிராக்டரோடு இதனை மேற்புறத்தில் இணைக்கும் டாப் லிங்க்கைக் குறுக்கினால் கருவி முன்சாய்ந்து பற்கள் ஆழ இறங்கும். நீட்டினால் பின்சாய்ந்து மண்ணை மேலாக நிரவும்.

கருவி எத்துணை நுட்பமாக இருப்பினும் மண் பதமாக இல்லையெனில் அது பயன்படாது. ஈரம் மிகுந்த களியில் இறங்கும் அலகின் உட்புறம் மண் அப்பிக்கொள்ள, வெட்டப்பட்டது உருண்டு பரவாமல் கட்டியாகத் திரண்டு நிற்கும். வழுக்கிச் சுழலும் டயர்கள் மண்ணின் நுண்துளைகளைப் பூசி அடைத்துவிட, அடிமண் இறுகி அடுத்த மழையின் நீரை உள்வாங்க மறுக்கும். முற்றக் காய்ந்த பின் இறங்கினாலோ கல்லைப் போன்ற கட்டிகள் பெயர்ந்து வர, அலகு அவற்றின்மேல் துள்ளிச் செல்லும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட சில நாள்களே உழவர் பதம் என்று கூறுவது. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் திரியாக உருட்டினால் அது நூலாக நீளாமல், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புக்கு வரும்போதே உதிரத் தொடங்க வேண்டும். சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911ஆம் ஆண்டையொட்டி வகுத்த மண்நிலை எல்லைகளுள் ஒன்று இந்த உதிர்வைக் கொண்டே அறியப்படுகிறது.

பரிபாகம் என்ற சொல்லின் பகுதியாகிய பாகம் சமைதல், கனிதல் என்று பொருள்படுவது. பதம் என்ற உழவர் சொல்லும் அடுப்படியில் வழங்குவதே. களிமண்ணின் பதத்தை உண்டாக்குவது உழவர் அல்லர், வெயிலும் காற்றுமே. ஆயினும் வடிகால் வெட்டித் தேங்கிய நீரை விடுவதும், மேற்பரப்பைக் கீறிக் காற்றுப்படச் செய்வதும் அவர் கையில் உள்ளவை. சரியை, கிரியை, யோகம் என்னும் சாதனங்களுக்குச் சித்தாந்தம் அளிக்கும் இடம் இதுவே எனக் கொள்வது பொருந்தும்: அவை அருளை வருவிப்பன அல்ல, அருள் பதியும்போது உயிர் அதை ஏற்கத் தடையாய் நிற்பதை விலக்குவன. காத்திருத்தலைச் சோம்பலோடு ஒன்றாகக் கருதுவோர், பதம் தப்பிய வேலை வீண் போவதோடு நில்லாமல் நிலத்தையே கெடுக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மண்ணை வாட்டும் வெயில் கொடுமையாகத் தோன்றினும் பதம் தருவது அதுவே. மலத்தோடு உடன்நின்று அதனைப் பக்குவப்படுத்தும் இறையாற்றலைத் திரோதானம், அதாவது மறைப்பாற்றல் என்றும், அதன் செயல் நோக்கி மலம் என்றும்கூடச் சித்தாந்திகள் பெயரிட்டதற்கு இதனினும் அணுக்கமான உவமை கிடைப்பது அரிது.

ஒப்பு பற்றிய வினா இதனினும் நுட்பமானது. நல்வினையும் தீவினையும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போல் அளவால் சமமாவதே இருவினையொப்பு என்பாரும், வினைப்பயன் இன்பமாயினும் துன்பமாயினும் உயிர் அதை ஒரே தன்மையில் ஏற்கும் மனநிலையே அது என்பாரும் உளர். வெட்டிய மண்ணின் அளவும் நிரப்பிய மண்ணின் அளவும் ஒத்துவிட்டால் நிலம் மட்டமாகிவிடுவதில்லை. நிரப்பிய பகுதி முதல் மழையிலேயே அமிழ்ந்து குழியாகும். ஈரத்தில் வழித்துப் பளபளக்க விட்ட பரப்பு, காய்ந்ததும் மேடும் பள்ளமுமாக வெடிக்கும். மழை நீர் வயலெங்கும் ஒரே ஆழத்தில் நின்று ஒரே சீராக இறங்கினால் மட்டுமே அந்நிலம் மட்டமானது எனலாம். ஆகவே மட்டம் என்பது மண்ணின் கணக்கு அன்று, வருவதை நிலம் ஏற்கும் முறை. இருவினையொப்பையும் அளவின் சமநிலையாகக் கொள்வதைவிட ஏற்கும் தன்மையின் சமநிலையாகக் கொள்வதே வலிமையுடையது. எண்ணிறந்த பிறவிகளின் வினை இரு தட்டிலும் ஒரு கணத்தில் ஒத்து நிற்றல் தற்செயலாகுமேயன்றி, உயிர் அடைந்த பேறு ஆகாது.

உவமை எல்லா இடத்தும் பொருந்தாது என்பதையும் கூறியாக வேண்டும். மண்ணுக்கு இச்சையில்லை, உயிருக்கு உண்டு. ஒரு மழை பெய்தால் பதம் மீண்டும் களியாகும். பரிபாகமுற்ற மலமோ பழைய வலிமையோடு மீள்வதில்லை. எனினும் அதன் வாசனை, அதாவது பழக்கத்தின் எச்சம், உடலுள்ள வரை தாக்கக்கூடும் என்பது மெய்கண்டாரின் கொள்கை. அவர் இயற்றிய சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரம், ஞானம் எய்தியவரும் மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே கண்டு தொழ வேண்டும் என்று கூறுகிறது. முன்னாண்டு மட்டம் அடித்த கரிசலிலும், கோடைமழை நின்று மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உழவர் மறுபடியும் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்க்கிறார்.