கைதட்டியவனுக்குக் கணக்கு இல்லையா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒருவர் மேடையில் நின்று துணிச்சலாக ஒன்றைச் சொல்கிறார். அதற்கான விலையை அவரைவிட அதிகமாகப் பக்கத்தில் நின்ற வேறு யாரோ கொடுக்கிறார்கள். அப்படியானால் அதைத் துணிச்சல் என்று சொல்லலாமா? கீழே நின்று கைதட்டியவனுக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா? இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அன்றைக்குக் கைதட்டியவன் நான்தான்.

நான் புக்கிட் பெலண்டோக்கைச் சேர்ந்தவன். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் வட்டாரம் 1999-இல் பரவிய நிப்பா கிருமியால்தான் தெரியும். இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான் அந்தக் கிருமிக்கு வைக்கப்பட்டது. பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். நிருபர்கள் வந்தார்கள், போனார்கள். "திரும்பி வந்து இருந்தவங்கதான் இதை மறுபடியும் ஊராக்குனாங்க" என்று அப்பா சொல்வார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்பனை மரங்களும், தோட்டத்து மாரியம்மன் கோயிலும், தலைக்கு மேலே போகிற விமானங்களும்தான்.

அப்புறம் பாட்டு. படிவம் இரண்டு படிக்கும்போது 'இண்டி ராக்' காதில் விழுந்தது. அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. வீட்டில், "இது என்னடா இரைச்சல், நம்ம பாட்டு இல்லையா உனக்கு?" என்பார்கள். பினாங்கைச் சேர்ந்த ஆறுமுகம் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட்டும் அலிகேட்ஸ் குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார்களே, அவர்களை யாராவது இப்படிக் கேட்டார்களா என்று நானும் பதிலுக்குப் பேசுவேன்.

இண்டி என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்டால் எனக்குப் பிடித்த ஒரு கதை சொல்வேன். மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்று ஒரு குழு. பெரிய கம்பெனிகளின் வாசலில் காத்திருக்காமல், வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் நாலே பாட்டுகளோடு ஓர் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். அதைப் பார்த்து எத்தனையோ பேர் அதே வழியில் இறங்கினார்கள். இண்டி என்பது 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லின் சுருக்கம். என் கணக்கில் அதன் பொருள் ஒன்றுதான்: நீ சொல்ல நினைப்பதை உன் சொந்தச் செலவில் சொல். அந்த வார்த்தையை எவ்வளவு பெருமையாகச் சொல்லித் திரிந்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூலை. பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த நேரம். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து சேர்த்த காசில் குட் வைப்ஸ் இசைவிழாவுக்கு மூன்று நாள் டிக்கெட் வாங்கினேன். அந்த ஆண்டு விழா செப்பாங் பந்தயத் தடத்தில். எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரிலேயே போய்விடலாம். முதல் நாளான 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு பெரிய மேடையில் 'தி 1975'. ஆறேழு வருடமாக ஹெட்போனில் கேட்ட குரல், கண்ணுக்கு நேரே.

நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடகர் மேட்டி ஹீலி நம் நாட்டின் ஓரினச்சேர்க்கைச் சட்டங்களைக் கெட்ட வார்த்தைகளோடு சாடினார். பிறகு தன் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரான இன்னோர் ஆணை மேடையிலேயே முத்தமிட்டார். அரை மணி நேரத்திலேயே நிகழ்ச்சி நின்றுபோனது. கூட்டம் கத்தியது. நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்தச் சட்டத்தைப் பற்றி அதற்கு முன் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்து யோசித்ததில்லை. மேடையில் ஒருவர் அதிகாரத்தை எதிர்க்கிறார், அவர் எனக்குப் பிடித்தவர், அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து "துணிச்சல்னா இதுதான்" என்று எழுதி வீடியோவைப் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் மதியம் செய்தி வந்தது. அமைச்சின் உத்தரவால் மிச்ச இரண்டு நாள் விழாவும் ரத்து. உண்மையைச் சொல்கிறேன், என் முதல் வருத்தம் 'ஐயோ, ஸ்ட்ரோக்ஸைப் பார்க்க முடியாமல் போச்சே' என்பதுதான். மற்றவர்கள் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா மகன். எங்கள் கோயில் உறுமி மேளத்தில் உறுமி வாசிப்பவர். அந்த மூன்று நாளும் விழாவின் வாகன நிறுத்துமிடத்தில் தினக்கூலி வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தார். மதியம் போனவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்களாம். பசியாறிக்கொண்டே கேட்டார்:

"அவன் பேசினப்போ நீயும் கத்துனியாடா?"

"எல்லாரும்தான் அண்ணே கத்துனாங்க."

"நான் எல்லாரையும் கேக்கலையே."

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்: "அவன் சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலடா. அவன் ஃபிளைட் ஏறிட்டான்லா. நாங்க இங்கதானே இருக்கோம்."

அவருக்குப் போனது இரண்டு நாள் கூலி. மறுநாட்களில் மேடை ஏற வேண்டிய உள்ளூர்க் குழுக்களுக்குப் போனது, பல மாதப் பயிற்சியும் அத்தனை பெரிய கூட்டத்தின் முன் நிற்கும் வாய்ப்பும். சாப்பாட்டுக் கடை போட்டவர்களுக்கு வாங்கி வைத்த சாமான். ஏற்பாட்டாளர்கள் ஆகஸ்டில் 12.3 மில்லியன் வெள்ளி இழப்பீடு கேட்டு அந்தக் குழுவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். விவகாரம் பிறகு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. பெரியவர்களின் நஷ்டத்துக்கு வக்கீல் இருக்கிறார். அண்ணனின் இரண்டு நாள் கூலியை யார் எந்த நீதிமன்றத்தில் கேட்பது?

இன்னொன்றும் உண்டு. யாருக்காகப் பேசுவதாக ஹீலி நினைத்தாரோ, அந்த மலேசியர்களிலேயே சிலர், "இதனால் எங்கள் பாடு இன்னும் கஷ்டமாகும்" என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மூன்றே வாரத்தில் நம் நெகிரி செம்பிலான் உட்பட ஆறு மாநிலங்களுக்குத் தேர்தல் இருந்தது. எரியும் வீட்டுக்கு எண்ணெய் வேறு வேண்டுமா?

அந்தச் சட்டம் சரியா, தவறா என்பதில் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குள்ளேயே பல கருத்து இருக்கும். என் கேள்வி அதற்கு முந்தியது. சொன்னது சரியாகவே இருந்தாலும், சொன்ன முறை சரியா?

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது: விழாவை ரத்து செய்தது அவர் அல்லவே, அமைச்சுதானே? உண்மைதான். ஓர் ஆளின் ஒரு ராத்திரிக்காக மூன்று நாள் விழாவையே நிறுத்தியது நியாயமா என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் நான் படிப்பது மின்னியல் பொறியியல். சர்க்யூட்டில் பழுது ஒரு இடத்தில் இருக்கும், எரிவது பியூஸ். பியூஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை. அங்கே ஆக மெல்லிய கம்பி அது, அவ்வளவுதான். எந்தக் கம்பி மெல்லியது என்று தெரியாமல் சுவிட்ச் போட்டேன் என்பவனைப் பயிற்சிக்கூடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். கடுமையாகத் தண்டித்தவரின் பொறுப்பு அவரிடமே இருக்கட்டும். அதனால் சுவிட்ச் போட்டவரின் பொறுப்பு குறைந்துவிடாது.

இரண்டாவது வாதம் பலமானது. அதை ஹீலியே அதே ஆண்டு அக்டோபரில் ஓர் அமெரிக்க மேடையில் சொன்னார். நாங்கள் எங்கும் செய்வதைத்தான் அங்கும் செய்தோம், அதிகாரிகளைத் திருப்திப்படுத்த அதை மாற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை நான் பல நாள் யோசித்தேன். மனசாட்சி ஒப்பவில்லை என்றால் வராமல் இருக்கலாம். அந்த நஷ்டம் அவருடையதாக இருந்திருக்கும். வந்து மேடை ஏறியபின் சொன்னதால் செலவு மற்றவர் தலையிலும் விழுந்தது. சொந்தச் செலவில் சொல்வதுதான் இண்டி என்று பெருமை பேசிய எனக்கு, இந்த வித்தியாசம் அன்றைக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது: பிறருக்குத் தீங்கு வருமே என்று பார்த்தால் உலகத்தில் எவனும் வாய் திறக்க முடியாதே? வாய்மைக்கு வள்ளுவர் வைக்கும் சோதனையே, அந்தச் சொல்லால் பிறருக்குத் தீங்கு வருகிறதா என்பதுதான். அப்படியானால் போராட்டமே கூடாதா?

இங்கேதான் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பார்க்கச் சொல்கிறேன். நம் தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்துத் தோட்டத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். அங்கேயும் பெரிய விலைதான், அதையும் பலர்தான் கொடுத்தார்கள். ஆனால் கேட்டவர்களும் அவர்களே, கொடுத்தவர்களும் அவர்களே. சைக்கிளை விட்டு இறங்காதவர் மறுநாளும் அதே துரையின் எதிரே அதே சைக்கிளில் போக வேண்டியவர். தலைவரும் தப்பிக்கவில்லை.

ஆகவே, தீங்கு வரும் என்பதற்காக மட்டும் வாயை மூட வேண்டியதில்லை. இரண்டு விஷயம் பார்த்தால் போதும். விலையில் என் பங்கு என்ன? மிச்சத்தைக் கொடுக்கப் போகிறவரை நான் கேட்டேனா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அது அடுத்தவர் காசில் செய்த தர்மம்.

சரி, கைதட்டியவன்? நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத் திருவிழாவுக்கு வெளியூர் உறுமிக் குழு வந்தது. இரவு பதினொன்று வரைதான் பெர்மிட். கோயில் கமிட்டி சைகை காட்டியது. குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "சாமிக்கு ஏது மணி?" என்றார். ஒரே விசில். பன்னிரண்டரை வரை அடித்துவிட்டு, வேன் ஏறிப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு பெர்மிட்டுக்காக அலைந்தவர்கள் கமிட்டிப் பெரியவர்கள்தான். அன்றைக்கும் விசிலடித்தவர்களில் நான் ஒருவன். விசில் இல்லாமல் அவர் அந்த ஒன்றரை மணி நேரம் அடித்திருப்பாரா? மேடையில் நிற்பவருக்கு விசில்தான் சம்பளம். அதைக் கொடுத்தவனுக்கு எப்படிப் பங்கு இல்லாமல் போகும்?

இன்றும் நான் 'தி 1975' பாட்டுகளைக் கேட்கிறேன். பாட்டு நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்ல முடியாது. அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிட்டேன். சம்பளமோ உபகாரச் சம்பளமோ மிஞ்சினால், சின்ன இடங்களில் வாசிக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறேன். அவர்கள் மறுநாளும் இங்கேதான் இருக்கப் போகிறவர்கள்.

போன திருவிழாவில் அண்ணன் உறுமி வாசித்தார். சரியாகப் பதினொன்றுக்குக் குச்சியைக் கீழே வைத்தார். "இன்னொன்னு! இன்னொன்னு!" என்று கூட்டம் கத்தியது. எனக்கும் ஆசைதான். அவர் நான் நின்ற பக்கம் பார்த்தார். நான் கத்தவில்லை. போய் உறுமியைத் தூக்கிக்கொள்ள உதவினேன்.